எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்ட் பெல்ட்டுக்கு ஐட்லர் கப்பி: பிறேக்கை நினைத்துப் பூட்டும் முறை

கொழும்பில் ஏற்றம் என்று சொல்ல அதிகமில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள், ஒன்றிரண்டு மேம்பாலங்கள், அவ்வளவுதான். அதனால் இங்கே ஸ்கேட்போர்டின் பெல்ட் பல் தாவுவது வேகம் எடுக்கும்போது அல்ல. ஓட்டோ ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே திரும்பி, நீங்கள் பிறேக்கை முழுதாக இழுக்கும்போதுதான் தாவுகிறது. பல் தாவும் நேரத்தில் பலகைக்குப் பிறேக் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஐட்லர் கப்பி, அதாவது பெல்ட்டை அமுக்கி இறுக்கமாக வைத்திருக்கும், தன்பாட்டில் சுழலும் சிறு உருளை, நல்ல மருந்து. ஆனால் என் மேசைக்கு வந்த பலகைகளில் அந்த மருந்தே நோயாகிப்போனவையும் உண்டு. பூட்டியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். முன்னால் ஓடுவதை மட்டும் நினைத்துப் பூட்டியிருந்தார்கள், அதுதான் பிழை.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முக்கால்வாசிப் பேர் முதல் நாளே மோட்டரைத் தாங்கும் தட்டில் ஓட்டை போட்டுவிட்டு, பிறகு பெல்ட் தேடி அலைகிறார்கள்.

1. உங்களுக்கு ஐட்லர் தேவைதானா?

உங்கள் மோட்டர் தட்டில் நீள்துளைகள் இருந்தால் முதலில் மோட்டரைத் தள்ளி இறுக்கிப் பாருங்கள். அதிலேயே இறுக்கம் வந்து, முழுப் பிறேக்கிலும் பல் தாவவில்லை என்றால் ஐட்லர் வேண்டாம். ஒரு பெயாரிங் கூடினால் ஒரு சத்தமும் ஒரு பராமரிப்பும் கூடும்.

தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, நீள்துளையில் தள்ள இடம் முடிந்துவிட்டது அல்லது மோட்டர் அசையாத துளையில் பூட்டப்பட்டிருக்கிறது. மற்றது, மோட்டர் கப்பி சிறியது, அதைப் பெல்ட் போதிய அளவு சுற்றிப் பிடிக்கவில்லை. இரண்டாவதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றாம் படியில் கணக்குப் போடுவோம்.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை சரியாக இருந்த பெல்ட் இன்று தளர்ந்திருந்தால் அதற்கு ஐட்லர் தீர்வல்ல. பல்லுள்ள பெல்ட்டின் உள்ளே கண்ணாடி நார் இழை ஓடுகிறது, அது இலேசில் நீளாது. மோட்டர் போல்ட் வழுக்கியிருக்கும், அல்லது பல் தேய்ந்திருக்கும். தேய்ந்த பெல்ட்டை ஐட்லரால் இறுக்கி ஓட்டினால் இரண்டு கிழமையில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

வேர்னியர் அளவுகோல், அலன் சாவிகள், நேரான இரும்பு ஸ்கேல், திருகு தளராமல் பிடிக்கும் நடுத்தரப் பிடிப்புள்ள நீலத் திரவப் பூட்டு, நைலோன் நட், எம்8 போல்ட், மெல்லிய வொஷர்கள், ஒரு காட்போட் அட்டை. அட்டையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இந்த வேலையில் மிச்சம் பிடிக்கும் பணத்தில் பாதி அந்த அட்டையால் வருவது.

பெயாரிங் 608. ஸ்கேட்போர்ட் சில்லுக்குள் இருக்கும் அதே அளவு: உள்துளை 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேளுங்கள். இரும்பு மூடி போட்டது கடற்காற்றுக்கு நிற்காது.

போல்ட், நட், வொஷருக்குப் புறக்கோட்டை பழைய சோனகத் தெரு போதும். பெயாரிங்குக்குப் பஞ்சிகாவத்தைப் பக்கம் போகலாம். அங்கே "ஐட்லர்" என்று கேட்டால் கார் டைமிங் பெல்ட்டின் டென்ஷனரை எடுத்து நீட்டுவார்கள். அது நம் வேலைக்கு மிகப் பெரியது. பெயாரிங் எண்ணைச் சொல்லி, பெயாரிங்கை மட்டும் வாங்குங்கள்.

இணையத்தில் ஐட்லர் என்று தேடி வாங்கியவர்கள் கொண்டுவருவது இன்னொரு வகை: முப்பரிமாண அச்சுப்பொறிக்கான ஜி.டி.2 ஐட்லர். அதன் பல் இடைவெளி 2 மில்லிமீற்றர், நம் பெல்ட்டினுடையது 5. பார்க்க அழகாக இருக்கும். சாவிக் கொத்தில் மாட்டலாம்.

பெல்ட்டின் முதுகில் உள்ள எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 265-5எம்-15 என்றிருந்தால் நீளம் 265, பல் இடைவெளி 5, அகலம் 15 மில்லிமீற்றர். பெரும்பாலான பலகைகளில் எச்.டி.டி. 5எம் வகைதான் இருக்கும்.

3. பல்லை எண்ணிக் கணக்குப் போடுங்கள்

மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரிமோட் சட்டைப்பையில் அழுந்தினால் பெல்ட் விரலை உள்ளே இழுத்துவிடும்.

இரண்டு கப்பியின் பற்களையும் எண்ணுங்கள். சோக்கட்டியால் ஒரு பல்லில் குறி போட்டுவிட்டு எண்ணினால் தவறாது. நான் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: மோட்டர் கப்பி 15 பல், சில்லுக் கப்பி 36 பல், பெல்ட் 265.

கப்பியின் கணக்கு விட்டம் என்பது பல் எண்ணிக்கையை 5ஆல் பெருக்கி 3.1416ஆல் வகுத்தது. 15 பல்லுக்கு 23.9, 36 பல்லுக்கு 57.3 மில்லிமீற்றர். இந்தப் பெல்ட்டுடன் இரண்டு அச்சுகளுக்கும் இடையே வரும் தூரம் ஏறக்குறைய 66.7 மில்லிமீற்றர். உங்கள் பலகையில் இதை வேர்னியரால் நேராகவே அளந்துகொள்ளலாம்.

இனி முக்கியமானது. பெல்ட் மோட்டர் கப்பியை எத்தனை பாகை சுற்றிப் பிடிக்கிறது? விட்டங்களின் வித்தியாசத்தை அச்சுத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்து, அதற்கு நேர்மாறு சைன் கண்டு, அதை இரட்டித்து 180இலிருந்து கழியுங்கள். நம் உதாரணத்தில் 33.4ஐ 133.4ஆல் வகுத்தால் 0.25, கோணம் 14.5, ஆகவே பிடி 151 பாகை. 15 பல்லில் அது 6.3 பல்.

ஆறு என்பதுதான் எல்லைக்கோடு. பெல்ட் தயாரிப்பாளர்களின் பொதுவான கணக்கில், ஆறு பல்லுக்கு மேல் பிடித்திருந்தால் பெல்ட் தன் முழுத் தாங்குதிறனைத் தரும். அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு பல்லுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். நம் உதாரணம் விளிம்பில் நிற்கிறது. இப்படி விளிம்பில் நிற்கும் பலகைக்குத்தான் ஐட்லர் பெரிய உதவி.

4. எந்தப் பக்கம் தளர்கிறது என்று கையாலேயே பாருங்கள்

பெல்ட்டைச் சற்றுத் தளர்வாகப் போட்டு, ஒரு கையால் சில்லை அசையாமல் பிடியுங்கள். மற்றக் கையால் மோட்டரைப் பலகை முன்னால் போகும் திசைக்குத் திருகுங்கள். ஒரு பக்கம் விறைக்கும், மற்றப் பக்கம் தொய்யும். தொய்யும் பக்கத்தில் சோக்கால் "மு" என்று எழுதுங்கள். முன்னால் ஓடும்போது தளரும் பக்கம் அது.

மோட்டர் பின் அச்சுக்கு முன்னால், பலகைக்கு அடியில் இருந்தால் கீழ்ப்பக்கம் தளரும். அச்சுக்குப் பின்னால், வால் பக்கம் இருந்தால் மேல்பக்கம் தளரும். இருந்தாலும் கையால் பாருங்கள். பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேல், கீழ் என்பதை மாற்றி நினைத்து ஓட்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருதடவை போட்டேன்.

இப்போது சில்லை விடாமல் மோட்டரை எதிர்த்திசைக்குத் திருகுங்கள். விறைத்திருந்த பக்கம் தொய்யும், தொய்ந்திருந்த பக்கம் விறைக்கும். பிறேக் பிடிக்கும்போது நடப்பது இதுதான். அந்த நேரத்தில் சில்லு மோட்டரை இழுக்கிறது, மோட்டர் மறுக்கிறது. தொய்யும் பக்கத்தில் "பி" என்று எழுதுங்கள்.

இந்த இரண்டு எழுத்தையும் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. ஸ்பிறிங் வேண்டாம்

சைக்கிள் செயினில், கார் எஞ்சினில் ஸ்பிறிங் வைத்த இறுக்கியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே சரியென்று படும். அந்த இடங்களில் இழுவை ஒரே திசையில்தான். தளரும் பக்கம் எப்போதும் தளரும் பக்கமாகவே இருக்கும். நம் பலகையில் பிறேக்கும் அதே பெல்ட் வழியாகத்தான் வருகிறது.

ஒரு தம்பி பலகையைக் கொண்டுவந்து சொன்னது: "அண்ணா, முன்னுக்குப் போகேக்க ஒரு சத்தமும் இல்லை. பிறேக் பிடிச்சாத்தான் டக் டக் எண்டுது. ஸ்பிறிங்கை இன்னும் இறுக்கிப் பார்த்தன், சரிவரேல்லை." அவருடைய ஐட்லர் "மு" பக்கத்தில், ஸ்பிறிங்கில் இருந்தது.

என்ன நடக்கிறது என்று எண்ணிலேயே பாருங்கள். 190 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 190 சுற்று) மோட்டரில் பிறேக் மின்னோட்டம் 40 அம்பியர் என்றால் மோட்டர் அச்சில் சுமார் 2 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை வரும். 15 பல் கப்பியின் ஆரம் 12 மில்லிமீற்றர்தான். ஆகவே பெல்ட்டில் ஏறும் இழுவை 170 நியூட்டனுக்குக் கிட்ட, அதாவது 17 கிலோவைத் தொங்கவிட்டது போல. அந்தப் பக்கத்தை 13 மில்லிமீற்றர் உள்ளே அமுக்கிக்கொண்டிருக்கும் ஐட்லருக்கு அதில் முக்கால் பங்கு எதிர்விசையாகத் திரும்பி வரும்: ஏறக்குறைய 13 கிலோ. கையால் இழுக்கக்கூடிய ஸ்பிறிங் அதற்கு முன் நிற்குமா?

ஸ்பிறிங் பின்வாங்கும். ஐட்லர் பிடித்து வைத்திருந்த நீளம் அப்படியே மறுபக்கம் போய்த் தொய்வாக விழும். 265க்குப் பதில் 270 பெல்ட் போட்டிருந்தால் அந்த நீளம் 5 மில்லிமீற்றர். ஒரு பல்லின் இடைவெளியும் 5 மில்லிமீற்றர். பல் தாவத் தேவையான அளவைச் சரியாக அளந்து கொடுத்தது போல ஆகிவிடும்.

ஆகவே ஐட்லர் அசையாமல் பூட்டப்பட வேண்டும். இறுக்கம் வைக்கும்வரை நகரலாம், வைத்த பிறகு இம்மியும் நகரக்கூடாது. அசையாத ஐட்லரில் பெல்ட் ஓடும் பாதையின் நீளம் மாறுவதில்லை. எந்தப் பக்கம் விறைத்தாலும் மறுபக்கத்துக்குப் புதிதாகத் தொய்வு போய்ச்சேராது.

பூட்டும் பக்கம்? நான் "மு" பக்கத்தையே எடுப்பேன். ஓட்டத்தின் பெரும்பகுதி நேரம் அது தளர்ந்த பக்கம், பெயாரிங்குக்குச் சுமை குறைவு. அந்தப் பக்கத்தில் இடமில்லை என்றால் "பி" பக்கம் பூட்டலாம். தட்டு உறுதியாக இருந்தால் வேலை செய்யும், பெயாரிங் மட்டும் கொஞ்சம் முந்தித் தேயும். இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று பூட்டுபவர்களும் உண்டு. மோட்டர் கப்பி 14 பல்லாக இருந்து, பலகை ஓட்டுபவரும் பாரமானவராக இருந்தால் மட்டும் அதைச் செய்வேன்.

கீழ்ப்பக்கத்தில் பூட்டினால் ஐட்லர் வேகத்தடையில் இடிபடுமோ என்றும் பாருங்கள்.

6. வெளியிலிருந்து உள்ளே அமுக்குங்கள்

பெல்ட்டின் வழுவழுப்பான முதுகில் ஐட்லர் அமர்ந்து உள்நோக்கி அமுக்க வேண்டும். அப்படி அமுக்கும்போது பெல்ட் மோட்டர் கப்பியை மேலும் சுற்றிக்கொள்ளும். நம் உதாரணத்தில் நடுவில் 13 மில்லிமீற்றர் அமுக்கினால் அந்தப் பக்கம் 22 பாகை கூடுகிறது. 151 பாகை 173 ஆகிறது, 6.3 பல் 7.2 பல் ஆகிறது. விளிம்பிலிருந்து ஒரு பல் உள்ளே வந்துவிட்டோம்.

நடுவில் வைக்காமல் மோட்டர் கப்பிப் பக்கமாக மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் வைத்தால் பிடி 180 பாகையைத் தொடும், அதாவது ஏழரைப் பல். இடம் இருந்தால் அங்கேயே வையுங்கள். ஆனால் கப்பியின் விளிம்புத் தட்டுக்கும் ஐட்லருக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீற்றராவது வெளி இருக்கட்டும். சிறு கல் ஒன்று அங்கே மாட்டினால் பெல்ட் கிழியும்.

உள்ளேயிருந்து வெளியே தள்ளும் ஐட்லர் பெல்ட்டை இறுக்கும், ஆனால் மோட்டர் கப்பியின் பிடியைக் குறைக்கும். எதற்காக ஐட்லர் போட்டோமோ அதையே கெடுத்துக்கொள்வது. தவிர உள்ளே பல் இருப்பதால் வெறும் பெயாரிங் அங்கே ஓடினால் பல் நுனி தேயும், இரையும்.

7. விட்டமும் அகலமும்

முதுகில் அமுக்கும்போது பெல்ட் அதன் இயல்புக்கு எதிராக வளைகிறது. வளைவு சிறியதானால் உள்ளே இருக்கும் இழை சீக்கிரம் களைத்து வெடிக்கும். ஐட்லர் எப்போதும் மோட்டர் கப்பியைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது, ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. நம் 15 பல் கப்பி 24 மில்லிமீற்றர், 608 பெயாரிங் 22. கொஞ்சம் குறைவு. நிறையப் பேர் இப்படியே ஓட்டுகிறார்கள், ஓடும்தான். ஆனால் பெல்ட் விலையை நினைத்தால் ஒரு உறை கடைந்து போடுவது இலாபம்.

உறை என்றால்: உள்துளை 22, வெளிவிட்டம் 30, அகலம் பெல்ட்டைவிட 1 மில்லிமீற்றர் கூட. அலுமினியம் அல்லது கெட்டி நைலோன். எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். வெளிப்புறம் மட்டமாக இருக்கட்டும். நடுவில் மேடு வைத்துத் தரட்டுமா என்று கேட்பார்கள், பழைய தட்டைப் பெல்ட் இயந்திரங்களின் பழக்கம் அது. பல்லுள்ள பெல்ட்டுக்கு மேடு வேண்டாம், நடு இழைக்கு மட்டும் சுமை ஏறிவிடும்.

அச்சுப்பொறியில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் உறை அடிப்பவர்களுக்கு: அந்தப் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸுக்குக் கிட்ட இளகத் தொடங்கும். நண்பகலில் பலகையைக் காரின் பின்பெட்டியில் விட்டுப் போனால் முட்டை வடிவ ஐட்லர் கிடைக்கும்.

உறை இல்லாமல் பெயாரிங்கையே ஐட்லராக வைத்தால் அகலத்தைப் பாருங்கள். இரண்டு 608 சேர்ந்தால் 14 மில்லிமீற்றர். 12 மில்லிமீற்றர் பெல்ட்டுக்குப் போதும், 15க்குப் போதாது. பெல்ட்டின் ஓரம் வெளியே தொங்கினால் அந்த ஓரம்தான் முதலில் பிரியும்.

சுழற்சி வேகம் பற்றி ஒரு சொல். 97 மில்லிமீற்றர் சில்லில் மணிக்கு 30 கிலோமீற்றர் போகும்போது மோட்டர் நிமிடத்துக்கு 3900 சுற்று, 22 மில்லிமீற்றர் ஐட்லர் 4200க்கு மேல். 608க்கு அது பெரிய வேகமல்ல. ஆனால் பலகையிலேயே வேகமாகச் சுழலும் பெயாரிங் இதுதான். சில்லில் கழித்த பழையதை இங்கே போடாதீர்கள்.

8. பெல்ட் நீளத்தை அட்டையில் முடிவு செய்யுங்கள்

பழைய பெல்ட்டிலேயே ஐட்லரை அமுக்கினால் மோட்டர் பெயாரிங்கைத்தான் வதைப்பீர்கள். ஒரு பல் நீளமான பெல்ட் எடுத்து, கூடிய 5 மில்லிமீற்றரை ஐட்லரால் விழுங்க வேண்டும்.

எவ்வளவு அமுக்கினால் எவ்வளவு நீளம் விழுங்கப்படும் என்பது புதியவர்களை ஏமாற்றும் இடம். நம் உதாரணத்தில் கப்பிக்கும் கப்பிக்கும் இடையே பெல்ட்டின் நேர்ப்பகுதி 64.5 மில்லிமீற்றர். நடுவில் 5 மில்லிமீற்றர் அமுக்கினால் 0.8 மில்லிமீற்றர்கூட விழுங்கப்படாது. 10 அமுக்கினால் 3. 13 அமுக்கினால்தான் 5. ஆரம்பத்தில் அமுக்கம் வீணாகிறது, பிற்பாடு சட்டென்று இறுக்கம் ஏறுகிறது. ஆகவே 5 மில்லிமீற்றர் நகரும் சிறு துளை வைத்த ஐட்லர் தட்டு அநேகமாகப் பயன்படாது.

இரண்டு பல் நீளமான பெல்ட் எடுத்து ஆழமாக அமுக்கினால் பிடி இன்னும் கூடுமே என்று கேட்பார்கள். கூடும். பின்வளைவும் கூடும், ஐட்லர் மறுபக்கப் பெல்ட்டுக்குக் கிட்டப் போய் உரசும். ஒரு பல்லோடு நிறுத்துங்கள்.

இனி அட்டை. மோட்டர் தட்டை அட்டையில் வைத்து வரைந்து, அச்சுகளின் இடத்தைக் குத்திக் குறித்து, இரண்டு கப்பியையும் பெல்ட் கோட்டையும் வரைந்து, ஐட்லர் அளவு வட்டம் ஒன்றை வெட்டி நகர்த்திப் பாருங்கள். மோட்டர் போல்ட் தலை, ட்றக்கின் (சில்லு அச்சைத் தாங்கும் பகுதி) உடல், சில்லின் உட்பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வட்டம் எதிலும் முட்டாமல் 13 மில்லிமீற்றர் அமுக்கினால் புதிய பெல்ட்டை வாங்கலாம். அதற்கு முன் வாங்க வேண்டாம்.

9. தட்டு, போல்ட், பூட்டும் வரிசை

ஐட்லர் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்ட போல்ட்டில் நிற்கிறது. அந்தப் போல்ட்டைத் தாங்கும் ஐட்லர் தட்டு மெல்லியதானால் பிறேக்கில் வளையும், ஐட்லர் சரியும், பெல்ட் ஓரத்துக்கு ஓடும். 6 மில்லிமீற்றர் அலுமினியத்துக்குக் குறையாமல் எடுங்கள்.

தட்டை ஒரே போல்ட்டில் மாட்டி அதன் இறுக்கத்தையே நம்பக்கூடாது. என் முதல் பலகையில் அதைச் செய்தேன். மெரின் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கையில் பிறேக் பிடித்தபோது தட்டு அப்படியே திரும்பி, ஐட்லர் சில்லில் போய்ச் சாய்ந்தது. முழங்கையில் இன்னும் அடையாளம் இருக்கிறது. ஒரு போல்ட் அச்சாக நிற்கட்டும், இரண்டாவது போல்ட் வளைந்த நீள்துளையில் நின்று பூட்டட்டும். பின்னாலிருந்து தள்ளும் எம்4 திருகு ஒன்றும் இருந்தால் இறுக்கம் வைப்பதும் சுலபம், அது பின்வாங்கவும் விடாது.

பூட்டும் வரிசை இது: போல்ட் தலை, பெரிய வொஷர், சின்ன வொஷர், பெயாரிங், சின்ன வொஷர், பெயாரிங், சின்ன வொஷர், தட்டு, நைலோன் நட். சின்ன வொஷர் என்பது ஸ்கேட்போர்ட் அச்சில் வரும் மெல்லிய வளையம். அது பெயாரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும். அதை மறந்து சாதாரண வொஷர் போட்டால் வெளிவளையமும் நெரிபட்டு, நட்டை இறுக்கியவுடன் ஐட்லர் சுழலாது. நட்டைத் தளர்த்தி ஓட்டினால் சுழலும். அது தீர்வல்ல, போல்ட் ஆடும். உறை போட்டால் இரண்டு பெயாரிங்குக்கும் நடுவில் உள்ள வளையத்தின் தடிப்பு உறைக்குப் பொருந்த வேண்டும்.

முழுதாக இறுக்கிய பிறகு விரலால் தட்டிவிட்டால் ஐட்லர் தாராளமாகச் சுழல வேண்டும். பிறகு இரும்பு ஸ்கேலை இரண்டு கப்பியின் பக்கவாட்டில் வைத்து ஐட்லரும் அதே தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரவப் பூட்டைக் கடைசியில், எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு போடுங்கள். நைலோன் நட்டுக்கு அது தேவையில்லை. உலோகத்தில் நேரே ஏறும் போல்ட்டுகளுக்குத்தான்.

10. இறுக்கம் வைப்பது

ஐட்லரைப் பின்னுக்கு எடுத்து, பெல்ட்டைப் போட்டு, கையால் மெதுவாக அமுக்கிக்கொண்டு வாருங்கள். சில்லை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அமுக்குங்கள். பெல்ட் பல்லில் சரியாக உட்கார அந்தச் சுற்று வேண்டும்.

தொழிற்சாலைக் கணக்கில், நேர்ப்பகுதியின் நீளத்தை 64ஆல் வகுத்த அளவு தொய்வு, அதற்கென்று குறித்த விசையில். நம் உதாரணத்தில் அது 1 மில்லிமீற்றர். மேசையில் அந்த விசையை அளக்க நம்மிடம் கருவி இல்லை. நான் ஐட்லர் இல்லாத பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்குவேன். இலேசான அமுக்கத்தில் 2, 3 மில்லிமீற்றர் போனால் சரி. கல்லுப்போல இருந்தால் கூடிப்போயிற்று.

கூடிப்போன இறுக்கத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி: பெல்ட் இல்லாமல் சில்லைச் சுற்றிவிட்டு எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள், பெல்ட்டும் ஐட்லரும் போட்டபின் மறுபடி பாருங்கள். மோட்டரின் காந்த இழுப்பால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். விட்ட இடத்திலேயே நின்றுவிட்டால் தளர்த்துங்கள். அதிக இறுக்கம் மோட்டரின் முன்பெயாரிங்கைத் தின்னும், பட்டரித் தூரத்தையும் தின்னும்.

பிறகு சில்லைப் பிடித்துக்கொண்டு மோட்டரை முழுப் பலத்தோடு இரண்டு திசைக்கும் திருகுங்கள். நான்காம் படியில் பார்த்த தொய்வு இப்போது எந்தத் திசையிலும் வரக்கூடாது.

11. முதல் ஓட்டம்

வெஸ்க் வகைக் கட்டுப்படுத்தி என்றால், மோட்டரை அறிமுகப்படுத்தும் சோதனையைப் பெல்ட் இல்லாமல் முடித்திருக்க வேண்டும். பெல்ட்டும் ஐட்லரும் சுமையாக நின்றால் அது எடுக்கும் அளவு பிழையாகலாம்.

பிறேக் மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வண்டி வராத இடத்தில், தலைக்கவசத்தோடு, நடை வேகத்தில் தொடங்குங்கள். முதலில் பத்துத் தடவை மெல்லப் பிறேக். பிறகு இறங்கி, ஐட்லர் போல்ட்டையும் தட்டின் நிலையையும் பாருங்கள். தட்டு நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் நகர்ந்ததா என்று உடனே தெரியும். நகரவில்லை என்றால் மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

ஐந்து கிலோமீற்றர் ஓடியபின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள். புதுப் பெல்ட் முதல் ஓட்டத்தில் பல்லில் படிந்து சற்றுத் தளரும். அதன்பின் நெடுநாள் அப்படியே நிற்கும்.

12. சத்தம் கேட்டால்

பிறேக்கில் மட்டும் "டக்": ஐட்லர் தட்டு நகர்ந்திருக்கிறது அல்லது வளைகிறது. கோட்டைப் பாருங்கள்.

வேகம் எடுக்கும்போதும் பிறேக்கிலும் "டக்": இறுக்கம் போதாது, அல்லது மோட்டர் கப்பியைப் பிடிக்கும் சின்னத் திருகு தளர்ந்து கப்பியே அச்சில் ஆடுகிறது. இரண்டாவதை ஐட்லரின் குற்றம் என்று நினைத்து மேலும் மேலும் இறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அச்சிலுள்ள சாவித்துளை கெட்டுப்போன பிறகே விளங்கும்.

வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம்: இறுக்கம் கூட. மணல் அரைப்பது போன்ற சத்தம்: பெயாரிங் முடிந்தது. பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் பஞ்சுபோலப் பிரிந்தால் ஐட்லர் சரிந்திருக்கிறது, தட்டை நேராக்காமல் புதுப் பெல்ட் போடாதீர்கள். முதுகில் குறுக்கே வெடிப்பு விழுந்தால் ஐட்லர் சிறியது. ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.

13. உப்புக்காற்றும் மழையும்

காலிமுகத்திடல் பக்கமோ கடலோர வீதியிலோ ஓட்டினால் ஐட்லர் பெயாரிங்கை மூன்று மாதத்துக்கு ஒருதடவை கையால் சுற்றிப் பாருங்கள். மழையில் நனைந்தால் அன்றிரவே ஈரத்தைத் துடைத்து, பெல்ட்டைக் கழற்றி, பெயாரிங்கைச் சுற்றிக் கேளுங்கள். எண்ணெயைப் பெல்ட்டுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். ரப்பர் ஊறும், அதில் மணல் வேறு ஒட்டும். இரைச்சல் கேட்கும் பெயாரிங்கைக் கழுவி மீட்க நினைக்காமல் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மாற்றும்போது சின்ன வொஷர்கள் உருண்டு ஓடிவிடும், கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு கழற்றுங்கள்.